நாலாவது பக்கத்துக்கு வைத்த பொட்டு

வீட்டுக்கு வரும் எந்தப் பொருள் எனக்குப் புரியவில்லையோ, அதற்கு ஒரு பொட்டு வைத்துவிடுவது என் வழக்கம். மைக்ரோவேவ் அடுப்பு வந்தபோது வைத்தேன். தானாகவே தரையைக் கூட்டிக்கொண்டு ஊர்ந்து போகிற வட்டப் பெட்டி வந்தபோது, அதைத் துரத்திப் பிடித்து வைத்தேன். பொட்டு வைத்த பிறகு அந்தப் பொருள் நம் வீட்டு ஆள் ஆகிவிடுகிறது. அப்புறம் அது எப்படி வேலை செய்கிறது என்று யாரிடமும் போய்க் கேட்க வேண்டியதில்லை. கேட்பது எனக்குப் பிடிக்காது. இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். கேட்க ஆரம்பித்தால் எங்கே போய் நிற்பது?

இந்தக் கெட்டிக்காரத்தனத்தால் (என் மகள் இதற்கு வேறு பெயர் வைத்திருக்கிறாள்) ஒரு நல்ல மனிதனுக்கு நான் செய்த காரியத்தைத்தான் எழுதுகிறேன். எழுதி முடிக்க நாளாகும். எனக்கு அவசரம் இல்லை.

புக்கிட் பாஞ்சாங்கில் பதினோராவது மாடியில் எங்கள் வீடு. மகள் கவிதா நர்ஸ். மாப்பிள்ளை திருச்சிக்காரர், கம்ப்யூட்டர் வேலைக்கு இங்கே வந்து, என் மகளைக் கட்டிக்கொண்டு தங்கிவிட்டவர். எங்கள் வீட்டு வழக்கப்படி மாமியார் மாப்பிள்ளையோடு நேருக்கு நேர் பேசக் கூடாது, அவர் இருக்கும்போது ஹாலில் உட்காரவும் கூடாது. என் அம்மா என் கணவரோடு இருபத்திரண்டு வருஷம் ஒரு வார்த்தை பேசாமல் இருந்து, நல்லபடியாகக் கண்ணை மூடினார். நானும் அப்படித்தான் இருந்தேன். சொல்ல வேண்டியதை மகளிடம் சொல்வேன். மகள் வேலைக்குப் போயிருந்தால், அடுப்படியில் இருக்கும் ரைஸ் குக்கரிடம் சொல்வேன்.

"மாப்பிள்ளை காப்பி குடிக்கிறாரான்னு தெரியலையே."

மாப்பிள்ளை ஹாலிலிருந்து, "குடிக்கிறேன்னு சொல்லுங்க" என்பார்.

மூன்று வருஷம் அந்தக் குக்கர் எங்கள் இருவர் பேச்சையும் சுமந்தது. சோறும் ஆக்கியது.

மாப்பிள்ளைக்குக் குடி கிடையாது, சிகரெட் கிடையாது. பழைய கால ரிக்கார்டு பிளேயர் ஒன்று மட்டும் உண்டு. கறுப்புத் தட்டு, முள், மேலே புகை நிறத்தில் ஒரு மூடி. போனைத் தட்டினால் உலகத்துப் பாட்டெல்லாம் கொட்டுகிற காலத்தில் இவருக்கு ஏன் இது என்று நினைப்பேன். குக்கரிடம்கூடச் சொன்னதில்லை.

டோபி காட் பக்கம் ஒரு மாடியில் பழைய ரிக்கார்டு, புது ரிக்கார்டு எல்லாம் விற்கும் கடை இருக்கிறதாம். மாப்பிள்ளை ஞாயிற்றுக்கிழமை அங்கே போவார். அங்கேதான் சேவியரைப் பார்த்திருக்கிறார். கப்பல் பட்டறையில் வெல்டிங் வேலை, தூத்துக்குடிக்காரன், நாற்பது வயது இருக்கும். ஒவ்வொரு ஞாயிறும் சர்ச்சில் பூசை முடிந்து வந்து, ஒரே ரிக்கார்டை எடுத்து, அரை மணி நேரம் அட்டையை முன்னும் பின்னும் பார்த்துவிட்டு, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போவானாம். ஒரு நாள் வாங்கியே விட்டான். மாப்பிள்ளை பக்கத்தில் போய், "பிளேயர் என்ன வச்சிருக்கீங்க?" என்று கேட்டிருக்கிறார்.

"பிளேயரா? ரூம்ல பன்னெண்டு பேருண்ணே. கால் நீட்டவே எடம் இல்ல."

"அப்ப எதுக்கு வாங்குனீங்க?"

"பாத்துக்கிட்டே இருக்கலாம்லா."

மாப்பிள்ளை அன்றைக்கே அவனை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

எனக்குப் பிடிக்கவில்லை. உள்ளதைச் சொல்கிறேன். நான் இந்த ஊரில் பிறந்தவள். என் அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர் என்பது அப்போது எனக்கு வசதியாக மறந்துபோயிருந்தது. வேலை பெர்மிட்டில் வந்தவன், அதுவும் கப்பல் பட்டறை ஆள், நம் சோபாவில் உட்காருகிறானே என்று வயிறு எரிந்தது. பைப் ரிப்பேருக்கு வருகிறவர்களுக்கென்று ஒரு மஞ்சள் பிளாஸ்டிக் கப் வைத்திருந்தேன். அதில்தான் அவனுக்கு டீ போட்டுக் கொடுத்தேன்.

"ரொம்ப நன்றி அத்தை" என்றான். (நான் உனக்கு எந்த வழியில் அத்தை என்று மனசுக்குள் கேட்டேன்.)

அது இரண்டு தட்டு சேர்ந்த ரிக்கார்டு. இரண்டு தட்டுக்கு நாலு பக்கம். மாப்பிள்ளை அன்றைக்கே எல்லாவற்றையும் போட்டுவிடலாம் என்றார். சேவியர் ஒத்துக்கொள்ளவில்லை.

"இல்லண்ணே. பெர்மிட் முடியுது. இன்னையச் சேத்து நாலு ஞாயித்துக்கெழமதான் பாக்கி, அதுக்குப் பெறவு பிளேன். ஞாயித்துக்கு ஒரு பக்கம் கேப்போம்."

"போன்ல கேக்கலையா இதுவரைக்கும்?"

"மொத மூணு பாட்டக் கேட்டேன். அப்புறம் நிறுத்திட்டேன். போன்ல அந்த பேஸ் சத்தம் கொசு மாதிரில்லா கேக்கு."

அவன் ஊரில் கோயில் பாட்டுக் குழுவில் பேஸ் கிட்டார், பாட்டுக்கு அடியில் கனத்த சத்தமாக ஓடுமே அது, வாசித்தவன். அந்தக் கிட்டாரை விற்றுவிட்டுத்தான் கப்பல் பட்டறைக்கு வந்தான். இந்த ரிக்கார்டு போட்டவர்கள் இப்போதைய ஆட்கள்தான், வெள்ளைக்காரர்களும் கறுப்பர்களுமாக ஆறு பேர். மாப்பிள்ளை அந்தப் பாட்டுக்கு ஃபங்க் ராக் என்று பேர் சொன்னார். எனக்கு அது முதல் ஞாயிறு இடி விழுந்த சத்தமாகத்தான் இருந்தது. அடுப்படிக் கதவைச் சாத்தினேன். கதவைத் தாண்டி, தரை வழியாக வந்து, கால் கட்டை விரலில் ஏறியது.

இரண்டாவது ஞாயிறு கதவைச் சாத்த மறந்துபோனேன். உள்ளே அவன் பேசுவது கேட்டது.

"பாட்டுக்காரன விடுங்கண்ணே. அடியில ஒருத்தன் நடந்துக்கிட்டே இருக்கான் பாருங்க. அவன் நின்னா எல்லாரும் விழுந்துருவான்."

நானும் அந்த அடியில் நடக்கிறவனைத் தேடினேன். கிடைத்தான். தைப்பூசத்துக்கு டேங்க் ரோட்டுக் கோயிலில் உறுமி மேளம் அடிக்கும்போது நெஞ்சுக்குக் கீழே ஒன்று இழுக்குமே, அதே இடத்தில் இருந்தான். மூன்றாவது ஞாயிறு தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். மகள் பின்னால் வந்து நின்றாள்.

"அம்மா, நீங்க டான்ஸ் ஆடறீங்களா?"

"தேங்கா முத்தலு. பலமாத் துருவுறேன்."

"இடுப்பாலயா துருவுறீங்க? சூப்பர் லா."

அன்றைக்கு டீயும் கொஞ்சம் நன்றாகவே போட்டேன். கப் மட்டும் அதே மஞ்சள் கப். மாற்றினால் தோற்றுப்போன மாதிரி இருக்கும் என்று தோன்றியது. யாரிடம் தோற்பது என்று கேட்காதீர்கள்.

போகும்போது சேவியர் அந்த இரண்டாவது தட்டை அட்டைக்குள் போடவில்லை. நாலாவது பக்கம் மேலே இருக்கும்படி அவனே திருப்பி, பிளேயரில் வைத்து மூடினான். "இப்படியே இருக்கட்டும்ணே. வந்த ஒடனே முள்ள வச்சிரலாம். அடுத்த வாரம் இதுதான் கடைசி." மாப்பிள்ளையும் அவன் வரும்வரை மூடியைத் திறப்பதில்லை என்று வாக்குக் கொடுத்தார்.

எனக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அந்த வாரம் வியாழக்கிழமை ஆயுத பூசை வந்தது.

அன்றைக்கு வீட்டில் உழைக்கிற எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். தையல் மெஷின், கிரைண்டர், இஸ்திரிப் பெட்டி, கவிதாவின் ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி, மாப்பிள்ளையின் கம்ப்யூட்டர், குக்கருக்குக் கொஞ்சம் தாராளமாக. கடைசியில் பிளேயர் முன்னால் வந்து நின்றேன். மூடி மேல் ஒரு பொட்டு வைத்தேன். மனசு ஆறவில்லை. உழைக்கிறது மூடியா? உள்ளே இருக்கிற தட்டுதானே. அடியில் நடந்துகொண்டே இருக்கிறானே, அவனுக்கு ஒரு மரியாதை வேண்டாமா? சேவியரிடம் "உன் பாட்டு நல்லா இருக்கு" என்று வாயால் சொல்ல என் நாக்கு வளையாது. ஆனால் விரல் வளையும்.

மூடியைத் திறந்தேன். சந்தனத்தை நன்றாகக் கெட்டியாகக் குழைத்து, ஒன்று போதாதென்று எட்டுத் திசைக்கும் எட்டுப் பொட்டு வைத்தேன். ஒவ்வொன்றின் நடுவிலும் குங்குமம். கறுப்புத் தட்டில் மஞ்சளும் சிவப்பும், பார்க்க அவ்வளவு அழகு. கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு மூடினேன்.

சாயந்திரம் மாப்பிள்ளை மூடி மேல் இருந்த பொட்டைப் பார்த்துச் சிரித்தார். பூசை நாளில் ஆயுதத்தைத் தொடக் கூடாது, வாக்கு வேறு கொடுத்திருக்கிறார். திறக்கவில்லை.

மறுநாள் காலை, அவர்கள் இரண்டு பேரும் வேலைக்குப் போன பிறகு, பொட்டைத் துடைக்கலாம் என்று திறந்தேன். காய்ந்த சந்தனம் பொருக்குத் தட்டிக் கிடந்தது. ஈரத் துணியால் துடைத்தேன். மேலே இருந்தது போய்விட்டது. ஆனால் தட்டில் மயிரிழை மாதிரி வட்ட வட்டமாகக் கோடு இருக்கிறதே, அதற்குள் போய் மஞ்சளாக உட்கார்ந்துகொண்டது. இன்னும் அழுத்தித் துடைத்தேன். இன்னும் உள்ளே போனது. சமையலறைத் தொட்டியில் வைத்து, பாத்திரம் கழுவும் சோப்பு ஊற்றி, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தேன். நடுவில் ஒட்டியிருந்த காகிதம் ஊறி, குங்குமம் அதில் இளஞ்சிவப்பாக இறங்கியது.

அப்போதாவது நிறுத்தியிருக்கலாம். மாப்பிள்ளைக்குப் போன் போட்டிருக்கலாம். (குக்கரால் போன் போட முடியாது, அது ஒரு சிக்கல்.)

நன்றாகக் காய வேண்டும் என்று ஜன்னல் திண்டில், தட்டுக் கூடையில் சாய்த்து வைத்தேன். எங்கள் அடுப்படி மேற்குப் பார்த்தது. பகல் சாப்பாடு முடித்து, டிவி நாடகத்தில் ஒரு மாமியார் அழுவதைப் பார்த்துக்கொண்டே கண் அசந்துவிட்டேன். விழித்தபோது மணி நாலு. ஜன்னலில் சுள்ளென்று வெயில். அந்த வெயிலில் தட்டு நிற்கவில்லை. ஒரு பக்கம் சரிந்து, ஒரு பக்கம் மடிந்து, விளிம்பு பூராவும் அலை அலையாக... எண்ணெய்ச் சட்டியில் அப்பளம் போட்டவுடன் ஒரு நெளி நெளியுமே, அதே நெளி.

அறுபத்தொன்பது வயதில் அப்படி ஒரு பயம் எனக்கு வந்ததில்லை. ஸ்டோர் ரூமில் இரண்டு துண்டுக்கு நடுவில் தட்டை வைத்து, மேலே பத்துக் கிலோ அரிசி மூட்டையைத் தூக்கிப் போட்டேன். அது போதாது என்று அம்மிக் குழவியையும் வைத்தேன். வெள்ளி ராத்திரியும் சனிக்கிழமையும் அது அங்கேயே கிடந்தது. ஞாயிறு காலையில் எடுத்துப் பார்த்தேன். முன்பு மேலே நெளிந்திருந்த இடமெல்லாம் கீழே நெளிந்திருந்தது.

அதைக் கொண்டுபோய் பிளேயரில் வைத்து மூடினேன். மூடியை மூடியதும் விஷயமும் மூடிவிட்டது என்று நினைத்தேனோ என்னவோ. அதற்குப் பதில் சமையலில் இறங்கினேன். வடை, பாயசம், சாம்பார், இரண்டு பொரியல், அப்பளம். சேவியருக்கு என்று, மாப்பிள்ளை வீட்டார் வந்தால் மட்டும் எடுக்கும் எவர்சில்வர் டம்ளரைப் புளி போட்டுத் துலக்கி அலமாரியில் வைத்தேன்.

பதினொன்றரைக்கு வந்தான். பூசையிலிருந்து நேராக, வெள்ளைச் சட்டை இஸ்திரி மடிப்போடு. எனக்கு ஒரு முழம் மல்லிகைப் பூ வாங்கிக்கொண்டு வந்திருந்தான், தேக்கா மார்க்கெட்டிலிருந்து. அதைக் கவிதாவிடம் கொடுத்துவிட்டு, பிளேயர் முன்னால் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். நான் அடுப்படிக் கதவு இடுக்கில் நின்றேன்.

மாப்பிள்ளை மூடியைத் திறந்தார்.

சாம்பார் மட்டும் கொதித்தது.

மாப்பிள்ளை ஒரு தடவை அடுப்படிப் பக்கம் பார்த்தார். மூடி மேல் பொட்டைப் பார்த்தவர் அவர். அவருக்குத் தெரியாமல் இருக்குமா? அப்புறம் மெதுவாகச் சொன்னார்.

"சாரி சேவியர். என் தப்பு. தொடைக்கலாம்னு எடுத்து ஜன்னல்ல வச்சேன். வெயில் பட்டுடுச்சு."

மூன்று வருஷத்தில் அவர் பொய் சொல்லிக் கேட்டதில்லை. முதல் பொய்யை எனக்காகச் சொன்னார்.

சேவியர் முள்ளை வைத்துப் பார்த்தான். ஊஊங் என்று ஒரு இழுப்பு, டக் என்று ஒரு குதி, மறுபடியும் ஊஊங். பலத்த காற்றில் சம்பான் படகு மாதிரி முள் மாட்டிய கம்பி ஏறி இறங்கியது. ஒரு வரி பாட்டுகூட வரவில்லை. முள்ளை எடுத்தான். தட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தான். நடுக் காகிதத்தை விரலால் தடவினான். மூக்கில் வைத்து மோந்தும் பார்த்தான். நான் கதவிலிருந்து ஒரு அடி பின்னால் போனேன்.

"வெயில்தானா?" என்றான்.

"வெயில்தான்."

"நம்ம ஊர் வெயில விட இந்த ஊர் வெயிலுக்குப் பக்தி சாஸ்திண்ணே. குங்குமம்லாம் வச்சிருக்கு."

கவிதாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மாப்பிள்ளைக்கு வரவில்லை. "நான் வேற வாங்கித் தரேன் சேவியர். ஆர்டர் போட்டு ஊருக்கு அனுப்பறேன்."

"அது வேற தட்டுண்ணே. இது இங்கயே இருக்கட்டும். இதக் கொண்டு போனா ஏர்போர்ட்ல அப்பளம்னுதான் எழுதுவான்." சொல்லிவிட்டு அவன் சிரித்தான். சிரித்து முடித்தபின் தட்டைப் பிளேயரிலேயே வைத்து, மூடியை மூடினான். அந்த மூடி விழுந்த சத்தத்தை நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன்.

அப்போது வெளியே போயிருக்க வேண்டும். பத்து அடி தூரம். "நான்தான்பா செஞ்சேன்" என்று இரண்டு வார்த்தை. மாப்பிள்ளை இருக்கிற ஹாலுக்குள் மாமியார் போகலாமா என்று அந்த நேரம் பார்த்து எனக்கு வழக்கம் ஞாபகம் வந்தது. குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டேன்.

மாப்பிள்ளையும் கவிதாவும்தான் பரிமாறினார்கள். மாப்பிள்ளை அலமாரியில் இருந்த டம்ளரைக் கவனிக்காமல், பழக்க தோஷத்தில், பாயசத்தை அந்த மஞ்சள் கப்பில் ஊற்றிக் கொண்டுபோயிருக்கிறார். வாளி நிறைந்து வழிகிற சத்தத்துக்கு நடுவில், அப்பளம் ஒன்று நொறுங்குவது கேட்டது. கூடவே சேவியர் குரல்.

"நாலாவது பக்கம் நல்லாத்தாண்ணே இருக்கு. இன்னொன்னு போடுங்க."

மூன்று பேரும் சிரித்தார்கள்.

போகும்போது, "அத்தை இல்லையா? சொல்லிட்டுப் போகணுமே" என்று கேட்டான்.

"குளிக்கிறாங்க" என்றாள் கவிதா.

"சரி. சாப்பாடு எங்கம்மா சமைச்ச மாதிரி இருந்துச்சுன்னு சொல்லிருங்க."

முதல் தட்டு இருந்த அட்டையை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

அன்று சாயந்திரம் குக்கர் முன்னால் நின்று, "அந்தத் தட்டுல பொட்டு வச்சது யாருன்னு மாப்பிள்ளைக்குச் சொல்லணும்" என்றேன்.

ஹாலிலிருந்து, "தெரியும்னு அத்தைக்குச் சொல்லுங்க" என்று பதில் வந்தது. கொஞ்சம் பொறுத்து, "செவ்வாக்கிழமை ஏர்போர்ட் போறேன். அத்தை வராங்களான்னு கேளுங்க."

"முட்டி வலி" என்றேன். முட்டியில் அன்றைக்கு ஒரு வலியும் இல்லை.

அதற்கப்புறம் கிறிஸ்துமஸுக்கு அவன் போன் செய்தான். மாப்பிள்ளை போனைக் கொண்டுவந்து நேராக என் கையில் கொடுத்தார். என்னென்னவோ சொல்ல வைத்திருந்தேன், மூன்று மாதமாக அடுக்கி அடுக்கி. அவன், "அத்தை, நல்லா இருக்கீங்களா?" என்றான். நான், "சாப்பிட்டியா?" என்றேன். "சாப்பிட்டேன்" என்றான். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அவன் மறுபடி கிட்டார் வாங்கினானா என்றுகூடக் கேட்கவில்லை. கேட்பது எனக்குப் பிடிக்காது என்று ஆரம்பத்திலேயே சொன்னேன்.

குக்கர் இப்போது வெறும் சோறு மட்டும் ஆக்குகிறது. அந்தப் போனுக்குப் பிறகு மாப்பிள்ளையிடம் நான் நேராகவே பேசுகிறேன், ஞாயிற்றுக்கிழமை ஹாலில் உட்கார்ந்து அவரோடு ரிக்கார்டும் கேட்கிறேன். மஞ்சள் கப்பைக் குப்பையில் போட்டேன். நெளிந்த தட்டு சுவரில் ஆணியில் தொங்குகிறது. ஆயுத பூசைக்கு வீட்டில் முதல் பொட்டு அதற்குத்தான், அதுவும் மாப்பிள்ளை கூடவே நின்று, "அத்தை, இதோட நிறுத்திக்கணும். பக்கத்துல வேற எதையும் தொடக் கூடாது" என்று காவல் காப்பார்.

எங்கள் வீட்டில் இப்போது யாரும் அப்பளத்தை அப்பளம் என்று சொல்வதில்லை. விருந்தாளிகள் முன்னாலேயே மாப்பிள்ளை, "அத்தை, இன்னொரு நாலாவது பக்கம் போடுங்க" என்பார். வந்தவர்கள் முழிப்பார்கள். கவிதா கதையைச் சொல்லுவாள், குளியலறையில் நான் திறந்துவிட்ட குழாய் வரைக்கும். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

அந்தப் பாட்டு போனில் இருக்கிறது, ஒரு தட்டு தட்டினால் வரும் என்கிறாள் மகள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவன் அதை ஊரில் கேட்டானா இல்லையா என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை. அந்த நாலாவது பக்கத்தில் எனக்குத் தெரிந்தது, குளியலறைக் கதவு வழியாக வந்த அந்த நொறுங்கும் சத்தம் ஒன்றுதான்.